கப்பலில் நான்கு இரவு, ஒரு கணக்குத் தாள்

முதல் நாள்: சிங்கப்பூர்

கப்பலின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் நசாவ் என்று எழுதியிருந்தது. மாமனாரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். "சிங்கப்பூர்லேர்ந்து பினாங்கு போற கப்பல்ல எதுக்கு மாப்பிள்ளை வேற ஊர் பேரு?" என்றார்.

கப்பலைப் பதிவு செய்திருப்பது பஹாமாஸில், நசாவ் அதன் தலைநகர், நடுக்கடலுக்குப் போய்விட்டால் கப்பலுக்குள் அந்த நாட்டுச் சட்டம்தான் என்று விளக்கினேன். "அப்ப நாம இப்ப பஹாமாஸ்லயா இருக்கோம்?" "இன்னும் இல்ல மாமா. ராத்திரி சாப்பாட்டுக்கு மேலதான்."

நான்கு இரவுப் பயணம். மெரினா பே கப்பல் முனையத்தில் கிளம்பி, பினாங்கு, புக்கெட், ஒரு நாள் முழுக்கக் கடல், பிறகு திரும்பவும் சிங்கப்பூர். நான், மனைவி, மாமா, அத்தை. மாமா கும்பகோணத்தில் ஒரு வங்கியில் 31 ஆண்டு வேலை பார்த்தவர். அதில் முக்கால்வாசிக் காலம் கேஷ் கவுன்டர்தான். இன்றும் யாராவது நூறு ரூபாய்க் கட்டைக் கொடுத்தால் எண்ணாமல் பைக்குள் வைக்க அவர் கை வராது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் பயணத்தில் பினாங்கை விடவும் கேசினோ மேல்தான் ஆசை. சிங்கப்பூர் வந்து 14 ஆண்டாகிறது. 2010இல் திறந்த இரண்டு கேசினோக்களுக்கும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி. வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போகலாம். குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் நுழைவுத் தீர்வை கட்ட வேண்டும். முதலில் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), 2019 ஏப்ரலிலிருந்து 150 வெள்ளி, அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான். உள்ளே போய்த் தோற்பதற்கு முன்பே வாசலில் 150 தோற்பதா என்று போகாமலே இருந்துவிட்டேன். அரசாங்கம் நினைத்ததும் அதுதானே. குடும்பத்தார் மனுப்போட்டு ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. கப்பலில் தீர்வையும் கிடையாது, மனுவும் கிடையாது.

வீட்டம்மாவோடு ஒப்பந்தம்: மொத்தப் பயணத்துக்கும் 200 அமெரிக்க டாலர். கப்பலில் எல்லாம் அமெரிக்க டாலர்தான்.

மாலை ஐந்துக்குக் கப்பல் நகர்ந்தது. கேசினோ இருப்பது நாலாவது தளத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கும் நாடக அரங்குக்கும் நடுவில். இங்கிருந்து அங்கே போக அதைக் கடந்துதான் ஆக வேண்டும். வழி நேராகவும் இருக்காது, இயந்திரங்களைச் சுற்றிச் சுற்றிப் போகும். துறைமுகத்தில் நிற்கும்வரை விளக்கணைத்து, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது கயிற்றுக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் நின்றிருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பாட்டிகள், எல்லோர் கையிலும் ஸ்வெட்டர். ஏன் ஸ்வெட்டர் என்று அரை மணி நேரத்தில் புரிந்தது. உள்ளே மார்கழி.

நான் ரூலெட்டில் உட்கார்ந்தேன். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கிற ஆட்டம். 100 டாலர் தாளை நீட்டினால் ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் வாங்குவதில்லை. மேசையில் வைக்க வேண்டும். அவர் அதை விரித்துப் போட்டு, மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, தொகையை உரக்கச் சொல்கிறார். பின்னால் நிற்கும் மேற்பார்வையாளர் தலையசைத்த பிறகு மேசையில் உள்ள ஓட்டையில் தாளை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் அழுத்தித் தள்ளுகிறார். மாமாவுக்கு இதைப் பார்த்ததில் பரம திருப்தி. "நம்ம பிராஞ்ச்ல இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

சக்கரத்தில் சிவப்பும் கறுப்புமாக 1 முதல் 36 வரை எண்கள், அதோடு 0, 00 என்று இரண்டு பச்சைக் கட்டங்கள். ஒரு எண்ணில் வைத்து அது விழுந்தால் ஒன்றுக்கு 35. மாமா பத்து நிமிடம் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "முப்பத்தெட்டு பேர் ஆளுக்கு ஒரு ரூபா ஒவ்வொரு கட்டத்துலயும் வைக்கிறாங்கன்னு வைங்க. ஜெயிச்சவனுக்கு அவன் ரூபாயோட சேர்த்து முப்பத்தாறு. ரெண்டு ரூபா இவன்கிட்ட. இவனுக்கு யார் ஜெயிச்சா என்ன?"

எனக்குத் தெரியும் மாமா, விளையாட விடுங்கள் என்று சொல்ல முடியுமா? தலையாட்டினேன். அவர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைய நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். விழுகிற எண்களைக் குறிக்கிறார் போல.

இன்றைய கணக்கு: 60 டாலர் நஷ்டம். கையில் 40 டாலருக்குச் சிப் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கிற வில்லை) இருக்கிறது.

இரண்டாம் நாள்: பினாங்கு

மதியம் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றது. கேசினோவுக்குத் திரும்பவும் கயிறு. ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா, மிளகாய்த்தூள் வாசனை, கடைக்குக் கடை போட்டியாகப் பாட்டு. குயின் தெருவில் மகாமாரியம்மன் கோவில், 1833இல் கட்டியது. அத்தை அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஒரு மணி நேரம்.

வெளியே பூ வாங்கின இடத்தில் ஒரு அம்மாவோடு பேச்சுக் கொடுத்தோம். கப்பலில் வந்தோம் என்றதும், "ஓ, அதுல கெந்திங் மாதிரி இருக்குமாமே?" என்றார். மலேசியாவிலேயே சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ கெந்திங் மலையில் இருப்பது. 1969இல் உரிமம் கொடுத்தார்கள், 1971இல் மலைமேல் ஹோட்டல் திறந்தது. முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. "நான் ஒரு தடவைதான் போனேன். குளுரு. எனக்கு நாலு நம்பர் போதும்லா," என்றார் அந்த அம்மா.

நாலு நம்பர் என்பது இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் சமாச்சாரம். 0000 முதல் 9999 வரை ஏதாவது ஒரு எண்ணை எடுப்பது. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். கனவில் வந்த எண், விபத்தில் அடிபட்ட காரின் எண், செத்தவர் வீட்டு எண் எல்லாவற்றையும் எடுப்பார்களாம். பூவைக் கட்டிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "கப்பல்ல உங்க ரூம் நம்பர் என்னா?" 8236 என்றேன். சிகரெட் அட்டை ஒன்றைக் கிழித்துக் குறித்துக்கொண்டார். மாமா முகத்தில் ஒரு சிரிப்பு. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை அவரும் சம்பளத்தன்று பூட்டான் சீட்டு ஒன்று வாங்கியவர்தான். தடை வந்த பிறகு யாரையும் குறை சொல்லாமல் நிறுத்திக்கொண்டாராம். விழுந்ததே இல்லை.

நாசி கண்டார் சாப்பிட்டோம். குழம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றி வெள்ளமாக்கித் தருகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிற அளவுக்கு விஷயம் இருக்கிறது, இன்று வேண்டாம்.

இரவு கப்பல் கிளம்பியதும் கயிறு அவிழ்ந்தது. நேற்றைய 40 ரொம்ப ஒல்லியாகத் தெரிந்ததால் இன்னொரு 100 மாற்றினேன். ரூலெட்டுக்கு ஒவ்வொருவருக்கும் தனி நிறம் தருகிறார்கள். எனக்கு ஊதா. அந்த ஊதாவுக்கு அந்த மேசைக்கு வெளியே மதிப்பே கிடையாது. எழுந்திருக்கும்போது டீலர் அதை வாங்கிக்கொண்டு, தொகை போட்ட சிப்பாகத் தருவார். அதைக் கவுன்டரில் கொடுத்தால்தான் பணம்.

பத்தரை மணிக்கு 23இல் ஐந்து டாலர் வைத்தேன். என் கல்யாணத் தேதி. விழுந்தது! 175 டாலர். பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியத் தாத்தா என் முதுகில் தட்டியது இன்னும் வலிக்கிறது. எழுந்தபோது 225 இருந்தது.

"மாத்திட்டீங்களா மாப்பிள்ளை?"

"நாளைக்கும் ஆடணும்ல மாமா. இப்ப மாத்தி மறுபடி எதுக்குச் சிப் வாங்கணும்?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்றைய கணக்கு: 85 டாலர் லாபம். மொத்தத்தில் 25 முன்னால் இருக்கிறேன்.

மூன்றாம் நாள்: புக்கெட்

மழை. கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகில் பட்டோங்குக்குக் கொண்டுபோனார்கள். அத்தையும் மாமாவும் வரவில்லை. நாங்கள் இருவரும் போய் நனைந்து, இளநீர் குடித்து, குடை வாங்கி, அந்தக் குடையைப் படகிலேயே மறந்துவிட்டு வந்தோம். புக்கெட் அவ்வளவுதான்.

சாயங்காலம் அத்தை ஒரு கண்டுபிடிப்பு செய்தார். கேசினோவின் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே அலமாரி மாதிரி இரண்டு தட்டு, அதன்மேல் குவியல் குவியலாக 25 காசு நாணயங்கள். மேல் தட்டு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலேயிருந்து ஒரு காசைப் போட்டால் அது மற்றவற்றைத் தள்ளி, விளிம்பில் தொங்குகிறவை விழும். குவியலின்மேல் சுருட்டிய நூறு டாலர் தாள் ஒன்று, இதோ விழுந்துவிடுவேன் என்று ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறது. அத்தை பத்து டாலருக்குக் காசு வாங்கி, ஒவ்வொன்றாக, தட்டு பின்னால் போகிற நேரம் பார்த்துப் போட்டார். ஒரு கட்டத்தில் சரசரவென்று விழுந்தது. எண்ணினால் 21 டாலர். "சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் போட்டால் அந்த நூறும் விழுமே என்றதற்கு, "அத ஒட்டி வச்சிருப்பான்" என்றார்.

காசைப் போட்டுப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் இயந்திரக்காரர்களைப் பார்த்தால்தான் மனசு என்னவோ செய்கிறது. கப்பலில் அறைக் கதவைத் திறக்கும் அட்டைதான் இங்கேயும் அடையாளம். அதை இயந்திரத்தில் சொருகி வைத்தால் ஆட ஆடப் புள்ளிகள் ஏறும். அட்டையை மறந்து போய்விடாமலிருக்கச் சுருள் கயிறு ஒன்றால் இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். முளைக்குச்சியில் கட்டிய மாடு மாதிரி வரிசையாக. புள்ளி நிறையச் சேர்ந்தால் குடிக்க இலவசம், இன்னும் சேர்ந்தால் அடுத்த பயணத்துக்கு அறை இலவசம் என்று கடிதம் வரும். பக்கத்து அறைத் தம்பதி அப்படித்தான் இது ஆறாவது பயணம் என்றார்கள். அறைக்கு ஒரு காசு கொடுத்ததில்லையாம். அதைக் கேட்டு மாமா, "அறைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

பிளாக்ஜாக் (சீட்டுகளைக் கூட்டி 21ஐத் தாண்டாமல் நெருங்குகிற ஆட்டம்) மேசையில் துணியின்மேல் சின்னதாக 6:5 என்று அச்சிட்டிருந்தது. பழைய விதிப்படி ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் பத்து டாலருக்குப் பதினைந்து தர வேண்டும். இங்கே பன்னிரண்டு. மூன்று டாலர்தானே என்று தோன்றும். ஒழுங்காக ஆடத் தெரிந்தவனிடம் கேசினோவுக்கு நூற்றுக்கு அரை டாலர் கிடைப்பதே பெரிது என்கிற ஆட்டத்தில், இந்த மூன்று டாலர் அதைக் கிட்டத்தட்ட நாலு மடங்காக்கிவிடும். தெரிந்துகொண்டு உட்காராமல் வந்தால் புத்திசாலி. நான் சும்மா கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

இன்றைய கணக்கு: ரூலெட்டில் 70 நஷ்டம். மொத்தத்தில் 45 பின்னால். கையில் 155 சிப்.

நான்காம் நாள்: கடல்

கரையே இல்லாத நாள். கரை இல்லை என்றால் கயிறும் இல்லை. காலை பத்து மணிக்கே கேசினோ முழு வெளிச்சத்தில் இருந்தது. உள்ளே ஜன்னலும் இல்லை, கடிகாரமும் இல்லை, வெளியே அவ்வளவு பெரிய கடல் இருப்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

காலையில் நல்ல பிள்ளையாகப் பக்கராட் மேசையை வேடிக்கை பார்த்தேன். அங்கேதான் கூட்டம். பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம், ஒன்பதுக்கு நெருங்கியது ஜெயிக்கும். நாம் செய்ய வேண்டிய முடிவு ஒன்றும் இல்லை, எந்தப் பக்கம் என்பதைத் தவிர. பாட்டிகள் சீட்டைக் கவிழ்த்தபடியே ஓரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். சிலர் வாயால் ஊதுகிறார்கள். வேண்டாத புள்ளிகள் பறந்துபோகுமாம். மேலே ஒரு திரையில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள், இதுவரை எந்தப் பக்கம் ஜெயித்தது என்கிற வரலாறு. ஜாதகம் பார்க்கிற மாதிரி எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

"முன்னாடி வந்தத இவனே எழுதி மாட்டுறானே, அது நமக்கு உதவும்னா மாட்டுவானா?" என்றார் மாமா.

சரியான கேள்வி. விடை எனக்குத் தெரியும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோவில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் கோடி கோடியாக இழந்தார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. இதை நண்பர்களுக்கு நான் பல தடவை விளக்கியிருக்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு எங்கள் மேசையில் ஆறாவது கறுப்பு விழுந்தது. நான் சிவப்பில் 10 வைத்தேன். கறுப்பு. 20 வைத்தேன். கறுப்பு. 40. கறுப்பு. கையில் 85 இருந்தது, 80 வைத்தேன். பந்து தட்டித் தட்டி, கறுப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், 00இல் போய் உட்கார்ந்தது. பச்சை. மேசையே சிரித்தது, டீலர் மட்டும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்த ஐந்தை அவருக்கே கொடுத்தேன். நான்கு சுற்று, ஆறு நிமிடம்.

அடுத்தது சிவப்பு விழுந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

பர்ஸில் இருந்த 100ஐ எடுத்தேன். அது திருப்பதிக்கு என்று மனைவி வைத்திருந்த தாளா என்று இப்போதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. அது ஐந்து மணி வரை ஓடியது. பிறகு அறை அட்டையைக் கொடுத்தால் அறைக் கணக்கிலிருந்து சிப் தருவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு நூற்றுக்கு மூன்று தனிக் கட்டணம். ஒரு கையெழுத்துதான், தாளைக்கூட எண்ண வேண்டாம். இரவுச் சாப்பாட்டு மணி அடித்தபோது அதுவும் இல்லை.

சாப்பிடப் போகும் வழியில் மாமா மெதுவாகப் பேசினார். "சீட்டுக் கம்பெனிக்காரனுக்கு முன்னெல்லாம் அஞ்சு பர்சன்ட் கமிஷன். 2019ல சட்டத்த மாத்தி ஏழாக்குனாங்க. அப்பவே ஜனங்க கத்துனாங்க. ஆனா அவன் மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பான். இங்க முப்பத்தெட்டுக்கு ரெண்டு, அஞ்சேகால் பர்சன்ட். ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுக்கறான். நான் வாட்ச் வச்சுப் பார்த்தேன், மணிக்கு நாப்பது சுத்து."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்னொரு வங்கியின் வேலை நேர்த்தியைப் பாராட்டுகிற குரலில் சொன்னார்.

இன்றைய கணக்கு: 355. மொத்தத்தில் சரியாக 400 நஷ்டம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவள் படிப்பாள் என்பதால் இதுவே சொன்னதாக இருக்கட்டும்.

ஐந்தாம் நாள்: சிங்கப்பூர்

காலை ஆறு மணிக்கு எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே சரக்குக் கப்பல்கள் வரிசையாக நின்றன. பெட்டிகளை இரவே வாங்கிக்கொண்டு போய்விட்டதால் கைவீசிக்கொண்டு இட்லி சாப்பிடப் போனோம். (இட்லி என்று பெயர் எழுதியிருந்தார்கள்.) பெண்கள் இருவரும் காபி எடுக்கப் போன நேரத்தில் மாமா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

அதில் ரூலெட் எண்கள் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.

பற்றில் தேதி, நேரத்தோடு: 100. 20. 20. 100. 50. 50. 100. 100. 3.

அந்த இரண்டு இருபதும் முதல் நாள் இரவு. அரங்குக்குப் போகிற வழியில் ஒரு ஸ்லாட்டில் போட்டவை. ஐந்து நிமிடத்தில் தீர்ந்ததால் ஆடியதாகவே என் மனதில் பதியவில்லை. இரண்டு ஐம்பதும் மூன்றாம் நாள் பிளாக்ஜாக்கில் எட்டிப் பார்த்தது. அதை மறந்தேன் என்று சொன்னால் பொய். கடைசி மூன்று, அறை அட்டைக் கட்டணம். கூட்டி அடியில் 543 என்று எழுதி இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

"இதுல நான் ஜெயிச்ச எண்பத்தஞ்சு எங்க மாமா?"

"அது எப்ப கவுன்டருக்கு வந்துச்சு?"

வலப்பக்கத்தில் எனக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும்தான் இருந்தது. நாலு நாளில் ஒரு தடவைகூட நான் அந்தக் கவுன்டரின் முன்னால் நின்றதில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எனக்குக் கீழே இன்னும் இரண்டு வரி. மாமா: பற்று 10, வரவு கோடு. "நேத்து ராத்திரி நீங்க தூங்கின பிறகு கறுப்புல வச்சேன். எப்படியிருக்குன்னு பார்க்க வேணாமா?" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. அதற்கும் கீழே அத்தை: பற்று 10, வரவு 21.

காபி வருவதற்குள் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். மேலே இருக்கும் நாட்களின் கணக்கை நான் திருத்தவில்லை. எழுதியபோது அப்படித்தான் நம்பினேன், அந்த இரண்டு ஐம்பதைத் தவிர.

முனையத்துக்கு வெளியே டாக்சிக்கு நீண்ட வரிசை. அத்தை தன் 21 டாலரை என்னிடம் நீட்டி, "இத வச்சு நான் என்ன பண்ண, உங்க ஊர்க் காசாக் குடுங்க" என்றார். 27 வெள்ளி கொடுத்தேன். வீட்டு வாசலில் மீட்டர் 26 வெள்ளி 40 காசில் நின்றது. நான் பர்ஸை எடுப்பதற்குள் அத்தை பின் சீட்டிலிருந்து கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சம் 60 காசையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.